சின்ன நகரத்தைச் சுற்றிப் பார்க்க வண்டி எதற்கு?

முதலில் நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்களை எல்லாம் போன் மேப்பில் குறித்துவிட்டு, அதில் ரொம்பத் தள்ளி இருக்கும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பேசாமல் நடந்துவிடலாம். கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என்று மேப் சொல்லும், வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு இருபது நிமிடமாவது ஆகும், அதையே கணக்கில் வையுங்கள்.

ஆனால் தூரத்தை மட்டும் நம்பி இறங்கிவிடக் கூடாது. மேடும் தண்ணீரும்தான் திட்டத்தைக் கெடுப்பவை. போர்ச்சுகலின் லிஸ்பன் மாதிரி ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும் ஊரில் ஏறுவதற்கு டிராமோ பஸ்ஸோ பிடியுங்கள், இறங்கும்போது நடங்கள். வெனிஸில் கிராண்ட் கால்வாயைக் கடக்க மொத்தமே நாலு பாலம்தான். போக வேண்டிய இடம் எதிர்க்கரையில் கண்ணுக்கு நேரே தெரியும், பாலத்தைத் தேடிச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் ஒரு கரையை முழுசாக முடித்துவிட்டு மறு கரைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

மேப்பை முன்பே ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே குறுகலான சந்தில் சிக்னல் சுவரில் பட்டுத் தெறிப்பதால் மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். அங்கேயே நின்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல், கொஞ்சம் திறந்த இடமாகப் பார்த்து வந்துவிடுங்கள். கதவு எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: இத்தாலியின் ஃபுளோரன்ஸில் கடைகளுக்குச் சிவப்பில் ஒரு வரிசை, வீடுகளுக்குத் தனி வரிசை, ஒரே எண் ஒரே தெருவில் இரண்டு இடத்தில் இருக்கும்.

வாடகைக் காரைப் பழைய நகரப் பகுதிக்குள் கொண்டுபோகவே போகாதீர்கள். இத்தாலியில் பல ஊர்களில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துவிடும். ஊர் திரும்பி எல்லாவற்றையும் மறந்த பிறகு அபராதம் வந்து நிற்கும், வாடகைக் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு தொகை போடலாம்.

பஸ் பாஸ் வாங்கும் முன் தங்கும் ஓட்டலில் கேளுங்கள். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா, பாசல் இரண்டிலும் ஓட்டலில் தங்குபவர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கும். லக்ஸம்பர்கில் 2020 முதல் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எதற்குமே டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்தால் மட்டும் போதுமா, ஏறியதும் மெஷினில் முத்திரை குத்த வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடைசி பஸ் நேரத்தை நிறுத்தத்திலேயே போட்டோ எடுத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை நேர அட்டவணையையும் சேர்த்து.