மறதிநோய் உள்ளவர் குளிக்க மறுத்தால்

டிமென்ஷியா உள்ளவர் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் குளிரோ, பயமோ, கூச்சமோ இருக்கும். அவரைக் கூப்பிடும் முன்பே எல்லாம் தயாராக இருக்கட்டும்: இரண்டு துண்டு, உடுத்தும் வரிசையில் அடுக்கிய துணி, வழுக்காத கால் வைத்த நாற்காலி. தண்ணீர் 37, 38 டிகிரி செல்சியஸ் போதும். உங்கள் முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சுட்டால் அவருக்கும் சுடும், ஆனால் அவரால் சொல்ல முடியாமல் போகலாம்.

தரையைக் கவனியுங்கள். இந்த நோயில் ஆழத்தைக் கணிக்கும் திறன் குறையும். கறுப்பு மிதியடி அவர் கண்ணுக்குப் பள்ளமாகவும், பளபளக்கும் தரை தேங்கிய தண்ணீராகவும் தெரியலாம். வாசலிலேயே தயங்கி நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். தரையின் நிறத்திலேயே வழுக்காத மிதியடி போடுங்கள். கைப்பிடிக் கம்பி மட்டும் சுவரிலிருந்து வேறுபட்டு பளிச்சென்று தெரியட்டும். கண்ணாடியில் யாரோ நிற்கிறார்கள் என்று மிரண்டால் அதை மூடிவிடுங்கள்.

"குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "வெந்நீர் தயார், வாங்க" என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே சொல்: "உட்காருங்க." பத்து விநாடியாவது பொறுங்கள், அது மனதில் இறங்க நேரமாகும். "குளிச்சு மூணு நாளாச்சு" என்று வாதாடாதீர்கள். அவரைப் பொறுத்தவரை காலையில்தான் குளித்தார்.

தோளிலும் மடியிலும் துண்டைப் போர்த்தி, கழுவும் இடத்தை மட்டும் விலக்குங்கள். கூச்சமும் குளிரும் ஒன்றாகத் தணியும். தண்ணீரைப் பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே கொண்டுவாருங்கள். தலையில் ஊற்றினால் மூச்சு முட்டும் பயம் வந்துவிடும். தலைக்குக் குளிப்பதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் கையில் ஒரு ஈரத்துணியைக் கொடுத்தால், முகத்தையும் கையையும் அவரே துடைப்பார், பிடிப்பதற்கும் ஏதோ இருக்கும். முடிந்ததும் அக்குள், மார்பின் அடி, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்குகளில் ஒற்றி ஈரம் எடுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும்.

மிரண்டால் உடனே நிறுத்துங்கள், அரை மணி கழித்து முயலுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முழுக் குளியல் போதும்; மற்ற நாளில் முகம், அக்குள், இடுப்புக்குக் கீழே துடைத்தால் சரி.

இதுவரை ஒத்துழைத்தவர் திடீரென்று மறுத்தால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா பாருங்கள். ஓரிரு நாளில் குழப்பம் சட்டென்று கூடியிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.