கவிதைத் தொகுப்பை அச்சுக்குக் கொடுக்கும்முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதியதை எல்லாம் சேர்த்துவிடுவதுதான் முதல் தவறு. டெமி அளவில் (5.5 × 8.5 அங்குலம்) 80 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) ஐந்து. தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணம், உள்ளடக்கம், முன்னுரைக்கே எட்டுப் பத்துப் பக்கம் போய்விடும். மீதியில் ஐம்பது அறுபது கவிதைகள் தாராளம். ஏழு கவிதைகள் நிலாவில் முடிந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இதழில் வந்தது என்பது மட்டும் காரணமாகாது.

ஏ4 தாளில் வைத்துத் திருத்துவது அடுத்தது. அங்கே ஒரே வரியாக நிற்பது டெமி பக்கத்தில் மடங்கி, கடைசிச் சொல் மட்டும் கீழே தொங்கும். நீங்கள் உடைத்ததா, இடம் போதாமல் உடைந்ததா என்று வாசகருக்குத் தெரியாது. பத்தி இடைவெளி பக்க முடிவில் விழுந்தால் இருந்த சுவடே இருக்காது. கோப்பின் பக்க அளவை 5.5 × 8.5 அங்குலமாக்கி, சுற்றிலும் முக்கால் அங்குலம் விட்டு, 12 புள்ளி எழுத்தில் அச்செடுத்துப் பாருங்கள்.

பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய கணினி எழுத்துருக்களில் கிடந்த கவிதைகளை யூனிகோடுக்கு மாற்றினால் எழுத்தெழுத்தாகப் படித்தே ஆகவேண்டும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ நுழைந்து ‘கரற்று’ என்று நிற்கும். ‘ஔ’ பிரிந்து ‘ஒள’ ஆகியிருக்கும். கண் ஏமாறும். ‘காற்று’ என்று தேடினாலும் அந்த இடம் சிக்காது.

பதிப்பகங்களைப் பாடாய்ப் படுத்துவது மெய்ப்பில் (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படியில்) கவிதை எழுதுகிறவர்கள்தான். ஒரு வரி கூடினால் பக்கங்கள் நகர்ந்து உள்ளடக்கத்தின் எண்கள் தப்பாகும். அவசரத்தில் செய்த திருத்தமே புதுப்பிழை தரும். மெய்ப்பில் எழுத்துப்பிழை, ஒற்று, விடுபட்ட வரி, அவ்வளவே. மனம் மாறினால் அடுத்த பதிப்புக்கு ஆகட்டும். ‘இறுதி’, ‘இறுதி-2’ என்று இரண்டு கோப்புகளை அனுப்பவே வேண்டாம்.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரவேண்டிய நூலை டிசம்பரில் கொடுத்தால் மெய்ப்பு பார்க்க நேரமிருக்காது. அணிந்துரைக்காகக் காத்திருந்து தாமதமாகிறது என்றால் அணிந்துரையை விட்டுவிடலாம்.

ஒப்பந்தத்தில் உரிமைக் காலத்தை, அதாவது பதிப்புரிமையை எத்தனை ஆண்டுக்குப் பதிப்பகத்துக்குத் தருகிறீர்கள் என்பதைப் பாருங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, 19ஆம் பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு. ‘என்றைக்குமாக’ என்ற தாளில் கையெழுத்திட்டால் இது உதவாது. நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அது இலவசம்.