கமிட் ஆன கல்லூரியை மாற்றுவது எப்படி: ஒரு டென்னிஸ் அம்மாவின் குறிப்பு

“வாக்குக் குடுத்துட்டு மாத்தலாமாடி?” என்று மதுரையிலிருந்து என் அம்மா கேட்டார். “இன்னும் பூ வைக்கவே இல்லம்மா, பேச்சு மட்டும்தான் முடிஞ்சிருக்கு” என்றேன்.

டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். 2024 அக்டோபரில், பதினோராம் வகுப்பில், என் மகள் ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் உயர்ந்த பிரிவு) கல்லூரியின் டென்னிஸ் அணிக்குக் கமிட் ஆனாள், அதாவது அங்கே சேருவதாக வாக்குக் கொடுத்தாள். இன்ஸ்டாகிராம் படம், கேக் எல்லாம் ஆயிற்று. அடுத்த மே மாதம் அவளைத் தேர்ந்தெடுத்த கோச் வேலையை விட்டுப் போனார். ஜூலையில் இவள் டீகமிட் செய்தாள், அதாவது அந்த வாக்கிலிருந்து விலகினாள்.

அம்மாவிடம் சொன்னது சமாதானத்துக்காக அல்ல. வாய்ச்சொல்லாகக் கமிட் ஆவது இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. கோச்சும் நாளைக்கே இடமில்லை என்று சொல்லலாம். பிள்ளையை ஒரு கல்லூரியோடு கட்டிப்போட 1964 முதல் இருந்த தேசிய சம்மதக் கடிதத்தை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ 2024 அக்டோபரில் எடுத்துவிட்டது. இப்போது கையெழுத்தாவது ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம். டென்னிஸுக்கு அது நவம்பரில் தொடங்குகிறது. என் மகளின் வருடத்துக்கு 2025 நவம்பர் 12. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்றக் கல்லூரிக் கோச்சுகள் பிள்ளையோடு பேசவே கூடாது. ஆகவே மனம் மாறுவதென்றால் அதற்கு முன்னால் மாறட்டும்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் டிராவிஸ் ஹன்டர் 2021 டிசம்பரில் கையெழுத்து நாளன்றே, வாக்குக் கொடுத்திருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டு ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போனார், 2024இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வாங்கினார். சரி, நம் பிள்ளை டிராவிஸ் ஹன்டர் இல்லை. கடைசி நாள் வரை காத்திருந்தால் மற்ற இடங்களும் நிரம்பிவிடும்.

முதலில் புதிய கோச்சிடம் பேசச் சொல்லுங்கள். கோபத்தில் முடிவெடுக்க வேண்டாம். நாங்கள் எழுதி வைத்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “2026இல் அணியில் இருக்கப்போகும் பத்துப் பேரில் நான் எத்தனையாவது இடம்?” கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025இல் வந்த சமரசத்துக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர்தான். ஒரு போட்டியில் ஒற்றையர் ஆட்டம் ஆறு. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் கல்லூரி அனுபவத்தோடு ஆட்கள் கிடைக்கும்போது, பள்ளிப் பிள்ளைக்காக எந்தக் கோச் காத்திருப்பார்? எங்களுக்குக் கிடைத்த பதில், “பார்க்கலாம், கடுமையாக உழைக்க வேண்டும்.” அது பதிலே இல்லை என்று மகளுக்கே புரிந்தது. அவள் படிக்க விரும்பிய பயோமெடிக்கல் பாடத்தின் லேப் நேரமும் பயிற்சி நேரமும் மோதின. கமிட் ஆகும்போதே நாங்கள் பார்த்திருக்க வேண்டியது அது.

அப்புறம் வேறு இடம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என்னைக் கேட்டால், மூன்று நான்கு கோச்சுகளுக்கு “என் நிலைமை மாறலாம், 2026க்கு இடம் உண்டா?” என்று மெயில் அனுப்புவதில் தவறில்லை. ஆனால் முதல் கல்லூரிக்குச் சொல்லாமல் இன்னொரு கல்லூரி செலவில் போய்ப் பார்த்துவிட்டு வருவது எனக்குப் பிடிக்காது. கோச்சுகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். விஷயம் எப்படியும் காதுக்குப் போய்விடும்.

போன் செய்ய வேண்டியது பிள்ளைதான். அம்மாவும் அப்பாவும் இல்லை. மெசேஜும் கூடாது. மகள் ஐந்து வரி எழுதி வைத்துக்கொண்டாள்: நன்றி, நான் விலகுகிறேன், காரணம் இது, முடிவெடுத்துவிட்டேன், உங்களுக்கு வேறு ஆள் தேட நேரம் இருக்கும்போதே சொல்கிறேன். அந்த நான்காவது வரி முக்கியம். அது இல்லையென்றால் கோச் சமாதானம் பேசத் தொடங்குவார், பதினேழு வயதுப் பிள்ளை தடுமாறிவிடும். குக்கர் விசில் போனில் கேட்கக்கூடாதென்று நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாலே நிமிடம். கோச் “சரி, வாழ்த்துகள்” என்று வைத்துவிட்டார். அவருக்கும் ஓர் இடம் காலியானது நிம்மதியாக இருந்திருக்கலாம், யார் கண்டது.

அன்றே ஒரு நன்றி மெயில். அடுத்து கிளப் கோச்சுக்கும் பள்ளி கவுன்சிலருக்கும் தகவல். இன்ஸ்டாகிராம் கடைசியில்தான், அதுவும் இரண்டே வரி, யாரையும் குறை சொல்லாமல்.

மகள் கடைசியில் போனது ஒரு டிவிஷன் 3 கல்லூரிக்கு. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி எவ்வளவு வரும் என்பதைக் கல்லூரி இணையதளத்தில் இருக்கும் கால்குலேட்டரில் முன்பே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கல்லூரிகள் பலவற்றில் கோச்சின் சிபாரிசு வேண்டுமென்றால் எர்லி டிசிஷன் என்ற, கட்டுப்படுத்தும் முன்கூட்டிய முறையில் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். இடம் கிடைத்தால் வந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். உதவித்தொகை போதவில்லை என்றால் மட்டும் விலகலாம். அந்தப் படிவத்தில் மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்திட வேண்டும். இந்தத் தடவை நான் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.