ஈயக் குண்டு சுடும் பழைய லீவர் ரைஃபிள்: ஏற்காட்டுப் பனியில் குழலைக் காப்பது எப்படி?

ஏற்காட்டின் காப்பித் தோட்ட வீடுகள் சிலவற்றிலும், சேலம் நகரின் பழைய குடும்பங்கள் சிலவற்றிலும், தாத்தா காலத்து .22 ரைஃபிள் (குழல் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) இன்றும் முறையான உரிமத்துடன் இருக்கிறது. அவற்றில், விசையை ஒட்டிய நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் வகை ரைஃபிள் தனி அழகு உடையது. இந்தக் குறிப்புக்கு எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது 1922-இல் வெளிவந்த அமெரிக்க ரைஃபிளான மார்லின் 39. இத்தகைய ரைஃபிள்கள் சுட்டுத் தேய்வதைவிடத் தவறாகச் சுத்தம் செய்வதாலும் ஈரத்தாலும்தான் அதிகம் கெடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

தோட்டாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஈயத்தை உருக்கி வார்த்து, தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் பழக்கம் வெளிநாடுகளில் உண்டு. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மேலும் .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருப்பதால், சுட்ட கூட்டை மறுபடி நிரப்புவது நடைமுறைக்கும் ஒத்துவராது. ஆகவே உரிமம் பெற்ற கடையில் சாதாரண வேகத் தோட்டாவையே வாங்குங்கள். மார்லின் 39-இல் அதிவேகத் தோட்டாவுக்கு ஏற்ற வலுவான போல்ட் (தோட்டாவின் பின்புறத்தை அடைத்துப் பிடிக்கும் பாகம்) 1932-இல்தான் வந்தது. அந்தத் துப்பாக்கிகளின் வரிசை எண் ‘எச்.எஸ்.’ என்ற எழுத்துகளுடன் தொடங்கும். உங்கள் துப்பாக்கி அதற்கு முந்தையது என்றால் அதிவேகத் தோட்டாவைத் தொடவே வேண்டாம்.

சுத்தம் செய்ய உட்காருமுன் துப்பாக்கி காலி என்பதை உறுதி செய்ய வேண்டும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் குழலுக்கு அடியில் நீண்ட குழாயாக இருப்பதால், ஒரு தோட்டா உள்ளே தங்கிவிட்டாலும் வெளியே தெரியாது. உள்குழாயை முழுவதும் உருவி எடுத்துவிட்டு, குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, லீவரைப் பலமுறை இயக்குங்கள். பிறகு லீவரைத் திறந்தபடியே வைத்து, டார்ச் வெளிச்சத்தில், தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் இடமான சேம்பரையும் தோட்டாவை ஏந்தும் தட்டையும் பாருங்கள். வெறும் சேம்பரில் விசையை இழுத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். விளிம்பில் அடிக்கும் ஊசி, தோட்டா இல்லாதபோது சேம்பரின் ஓரத்தையே அடித்து நசுக்கிவிடும்.

குழலை எப்போதும் பின்புறமிருந்துதான் துடைக்க வேண்டும். குண்டு வெளியேறும் கடைசி நொடியில் அதற்கு வழிகாட்டுவது குழல்வாயின் உள்விளிம்பு. அங்கே ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால், பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும், குறி என்றைக்கும் ஒழுங்காக அமையாது. வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டு ஆட்டியதாலேயே பாழான பழைய ரைஃபிள்கள் ஏராளம். மார்லின் 39 இந்த விஷயத்தில் வரப்பிரசாதம்: வலப்பக்கம் உள்ள பெரிய கைத்திருகைக் கழற்றினால் துப்பாக்கி இரண்டாகப் பிரியும், போல்ட்டையும் எடுத்துவிட்டால் பின்வாசல் நேராகத் திறந்துகொள்ளும். அப்படிப் பிரியாத ரைஃபிளை வாய்வழியாகத்தான் துடைத்தாக வேண்டும் என்றால், கம்பி விளிம்பில் உரசாதபடி நடுவில் பிடித்துக்கொள்ளும் பித்தளை வழிகாட்டியை வாயில் பொருத்திக்கொள்ளுங்கள்.

இனி ஈயப்படிவு. மெழுகோ கொழுப்போ பூசிய ஈயக் குண்டு வழுவழுப்பான குழலில் அதிகம் ஒட்டாது. துரு அரித்துச் சொரசொரப்பான குழலில் ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் ஈயம் உரிந்து தங்கும். காய்ந்த துணித்துண்டு ஒன்றைத் தள்ளிவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குழலின் உள்ளே சுழன்று ஓடும் வரிப்பள்ளங்களின் ஓரத்தில் மங்கிய சாம்பல் கோடுகள் தெரிந்தால் அது ஈயம். கோடுகள் வாய்ப்பக்கம் மட்டும் இருந்தால், குண்டின் மேல் பூசிய மசகு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். சேம்பரை ஒட்டி இருந்தால், குண்டு குழலுக்குச் சற்றுச் சிறியதாக அமைந்து, வாயு அதன் ஓரமாகக் கசிந்து ஈயத்தை உருக்கியிருக்கலாம். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் வேறு தயாரிப்புத் தோட்டாவை மாற்றிப் பார்ப்பதே எளிய வழி.

படிவை எடுக்க அவசரப்படக் கூடாது. ஊடுருவும் எண்ணெய் சில துளிகளை விட்டு, குழலைப் படுக்கையாக ஓர் இரவு வைத்திருங்கள். மறுநாள், தேய்ந்த வெண்கலப் பிரஷ் ஒன்றின் மேல் சுத்தமான செம்பு இழையைச் சுற்றி, குழலுக்குள் இறுக்கமாக நுழையும் அளவுக்குப் பருமனாக்கி, பின்புறமிருந்து முழு நீளத்துக்கும் தள்ளுங்கள்; நடுவழியில் திருப்பி இழுக்காதீர்கள். அதைத் தொடர்ந்து செலுத்தும் வெள்ளைத் துணியில், சாக்லேட் சுற்றிய காகிதத்தைக் கிள்ளிப் போட்டது போல் மின்னும் சிறு செதில்கள் வரும். அவை நிற்கும்வரை செய்தால் போதும். இரும்புப் பஞ்சும் உப்புத்தாளும் கூடவே கூடாது. செம்புக் கறைக்கென்று விற்கும் அம்மோனியாக் கரைசல் ஈயத்தைக் கரைக்காது. வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் உண்டாகும் ஈய அசிடேட் கடும் நஞ்சு, அந்தக் கலவை எஃகையும் அரிக்கும். ஈயத்துணிகளைத் தனிப் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். இந்த வேலையைச் சமையலறையில் செய்யாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் உண்ணுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுகிறார்கள். அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மார்கழிக் காலையில் போல்ட்டும் ஊசியும் வெண்ணிறக் கொழுப்பில் சிக்கி நிற்பதை நீங்களே காணலாம். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் ஆவியாகிப் போய்விடுவதால் காவல் தராது. எந்தக் கடையிலும் கிடைக்கும் தையல் மிஷின் எண்ணெயே நல்லது. அதையும் துணியில் தொட்டு மெல்லிய படலமாகப் பூசினால் போதும். மிகையான எண்ணெய் பின்கட்டைக்குள் வடிந்து மரத்தை மென்மையாக்கும் என்பதால், எண்ணெய் போட்ட பின் ஓரிரு நாள் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைப்பது வழக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து பனிக்காலம் முடியும்வரை மலையில் காற்றே ஈரமாக இருக்கும். அந்த மாதங்களில் தோல் உறையில் துப்பாக்கியை வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தொட்ட இடமெல்லாம் துருப்பிடிக்கச் செய்யும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, அவற்றை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் வையுங்கள். உரிமம் புதுப்பிக்கவோ பரிசோதனைக்கோ துப்பாக்கியைச் சேலத்துக்குக் கொண்டுபோகும் நாளில் இன்னொரு கவனம் தேவை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சமவெளியின் வெதுவெதுப்பான காற்றுக்கு வந்ததும், குளிர்ந்த எஃகின் மேல் நீர் பூத்துவிடும். பெட்டியை உடனே திறக்காமல், உள்ளே இருப்பதும் அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியே வைத்திருந்து, பிறகு திறந்து துடையுங்கள். தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், கொடுப்பதற்கு முந்தைய நாள் குழலுக்குள் சற்றுத் தாராளமாக எண்ணெய் பூசி, திரும்பி வந்த அன்றே துணி விட்டுப் பார்த்துவிடுங்கள். சுடுமுன் அந்த எண்ணெயைக் காய்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிட வேண்டும்.