அதிகச் சூட்டைத் தாங்கினால் போதுமா? வெப்பக் கவசச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், வெப்பக் கவசங்களைச் சோதிக்கும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் தன் முதல் சோதனை அறிக்கையைக் கொண்டுவந்தார். அதன் கடைசி வரி இது: "இரு மடங்கு வெப்பத்தைத் தாங்கியதால், குறைந்த வெப்பத்தில் மறுசோதனை தேவையில்லை." வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு செலவு வைத்தது என்பது எனக்குத் தெரியும்.

கையுறை, கருவிகளின் அளவுத்திருத்தம் போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கவசத்தைச் செங்கல் சுவர்போல் கணக்கிடுவது

விண்கலம் போன்றவற்றைக் கடும் சூட்டிலிருந்து காக்கும், கார்பன் இழையும் பினாலிக் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த கவசம் சூட்டைத் தடுத்து நிற்பதோடு, தானும் மாறிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் ரெசின் சிதையத் தொடங்கும். நீராவி, ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு என வாயுக்கள் வெளியேறும், மிச்சம் கரியாகும். சிதைவதற்கே வெப்பம் செலவாகிறது. வெளியே வரும் வாயு, மேற்பரப்பை நெருங்கும் கொதிகாற்றைத் தள்ளி நிறுத்துகிறது. கரி சிவந்து ஒளிர்ந்து வெப்பத்தை வெளியே வீசுகிறது. ஆக, அடர்த்தியும் வெப்பக் கடத்துதிறனும் நொடிக்கு நொடி மாறும். சுடாத பொருளின் ஒரே எண்ணைப் போட்டு முழுக் கணக்கையும் முடித்தால் விடை தவறாகத்தான் வரும்.

எடை இழப்பை வைத்துத் தேய்மானத்தைச் சொல்வது

வாயு வெளியேறினாலே எடை குறையும்; தேய்மானம் என்பது மேற்பரப்பு தேய்ந்து தடிமன் குறைவது. இரண்டும் வேறு; தனித்தனியே அளந்து எழுதுங்கள்.

அதிகச் சூடுதான் மிக மோசமான நிலை என்று நம்புவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்று நான் சோதித்தது, இழை அடுக்குகள் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருந்த ஒரு கார்பன்-பினாலிக் தகடு. ஆக்ஸி-அசிட்டிலின் சுடரில் கடுமையாகச் சுட்டேன். மேலே சீரான கரி, கீழே சேதமில்லாத பொருள். அறிக்கையை முடித்துவிட்டேன். அப்புறம் அதே பொருளை, குறைந்த வெப்பம் நீண்ட நேரம் படும் இடத்தில் பயன்படுத்தினார்கள். அடுக்குகள் பிரிந்து மேலே தூக்கிக்கொண்டன. அந்தத் தொகுதி முழுவதும் வீணாகி, நான்கு மாத வேலையை முதலிலிருந்து செய்தோம்.

காரணம் இதுதான். கடுமையான சூட்டில் மேற்பரப்பு வேகமாகக் கரியாகி நுண்துளைகள் திறந்துகொள்ளும். வாயு மேலே பிறந்து மேலேயே வெளியேறிவிடும். மெதுவான சூடு உள்ளே ஆழமாக இறங்குகிறது. கரி தாமதமாக உருவாகிறது. வாயுவோ இறுக்கமான அடுக்குகளுக்கு நடுவே பிறந்துகொண்டே இருக்கிறது. கத்தரிக்காயைத் தணலில் வைக்கும்முன் வீட்டில் கத்தியால் குத்துவார்கள் அல்லவா? குத்தாத காய் வெடிக்கும். வாயு போக வழி வேண்டும் என்பதால்தான் பல கவசங்களில் அடுக்குகளை மேற்பரப்புக்குச் சாய்வாக, சில வடிவமைப்புகளில் 20 டிகிரி அளவுக்கு, அமைக்கிறார்கள்.

2022 டிசம்பரில் நிலவிலிருந்து திரும்பிய ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தின் ஓரியன் கலத்தில் நடந்ததும் இதே வகைக் கோளாறுதான். அதன் கவசம் அவ்கோட் என்ற பொருளால் ஆனது. மீட்டுப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. நாசா 2024 டிசம்பரில் காரணத்தை வெளியிட்டது. ஓரியன் வளிமண்டலத்தில் ஒருமுறை மூழ்கி, மேலெழுந்து, மறுபடி மூழ்கியது. இடைப்பட்ட நேரத்தில் வெளிச்சூடு குறைந்தாலும் உள்ளே தேங்கிய வெப்பம் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. அவ்கோட்டின் பல இடங்களில் வாயு ஊடுருவிப் போகப் போதிய வழி இல்லை. அழுத்தம் ஏறி விரிசல் விட்டது. பறப்பதற்கு முன் தரையில் நடந்த சோதனைகளில் வெப்ப வீதம் பறப்பில் பட்டதைவிட அதிகம். அதனால் அங்கே வாயுவை விடும் கரி நன்றாக உருவாகி, கோளாறு வெளியே தெரியாமலே போயிற்று. வாயு ஊடுருவும்படி அமைந்த பகுதிகளில் விரிசல் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கலத்தின் உள்ளே வெப்பநிலை இதமாகவே இருந்தது. ஆட்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு ஆபத்து நேர்ந்திருக்காது என்றுதான் நாசா சொன்னது. உண்மைதான். ஆனாலும் எதிர்பாராத விதத்தில் கரி பெயர்வது சாதாரண விஷயமில்லை. எனவே உச்ச வெப்பத்தை மட்டும் கேட்காதீர்கள். வெப்பம் எப்படி ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, மறுபடி ஏறுகிறதா என்று கேளுங்கள். அந்த வரைபடத்தையே சோதனைக்கூடத்தில் திரும்ப உருவாக்கப் பாருங்கள்.

ஈரம்

மாதிரியை முதலில் உலர்த்துங்கள். எடை நிலைத்த பிறகே சுடுங்கள்.

தெர்மோகப்பிள் கம்பியை நேராகச் செருகுவது

வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் கம்பி உலோகம், சுற்றியுள்ள பொருளைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அடியிலிருந்து நேராக மேலே செருகினால் முனையிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக் கீழே கொண்டுபோய்விடும். உண்மையைவிடக் குறைவான அளவு பதிவாகும். கவசம் நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். முனைக்கு இருபுறமும் கம்பி கொஞ்ச தூரம் மேற்பரப்புக்கு இணையாக ஓடட்டும்.

சுடர் அணைந்ததும் பதிவை நிறுத்துவது

பின்பக்கம் உச்ச வெப்பத்தைத் தொடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். தேங்கிய வெப்பம் கீழே இறங்கி கவசத்தை அடியில் ஒட்டியிருக்கும் பசை அடுக்கை எட்ட நேரம் பிடிக்கும். அளவு ஏறி, திரும்ப இறங்கும்வரை காத்திருங்கள்.

புதியவரின் அறிக்கையில் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டோம். குறைந்த வெப்பத்தில், நடுவே நிறுத்தி மீண்டும் சுடும் சோதனை ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அதற்கான மூன்று மாதிரிகள் இப்போது உலர்த்தும் அடுப்பில் இருக்கின்றன.