"தூக்கிக்கலாம்" என்று கிளம்புவதற்கு முன்: மாற்றுத்திறனாளிகளோடு தென்னாப்பிரிக்க விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருக்கும் நம்மவர்கள் டர்பனுக்கு இறங்கிவிடுவார்கள். அதன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீடு கொள்ளாத ஆள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரியாணி அண்டாவோடு கடற்கரை. அந்தக் கூட்டத்தில் பக்கவாதம் வந்த மாமா ஒருவரோ, சர்க்கரையால் கால் எடுத்த அத்தை ஒருவரோ இருக்கவே இருப்பார். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் காலம் மலையேறிவிட்டது. ஆனால் கூட்டிப் போய் என்ன செய்கிறோம்? நிழலில் உட்காரவைத்து, எல்லாருடைய செருப்புக்கும் கைப்பைக்கும் காவல் வைக்கிறோம். என்னைக் கேட்டால் பெரிய தவறே இதுதான். போகிற இடத்தை யோசித்தவர்கள், அங்கே அவர் என்ன செய்வார் என்று யோசிப்பதில்லை. "மாமா, தண்ணியில எறங்கணுமா, தூண்டில் போடணுமா?" என்று முன்கூட்டியே கேட்டால் பாதி ஏற்பாடு தானாக மாறிவிடும்.

அடுத்து வருவது, "நாலு பசங்க இருக்காங்க, தூக்கிக்கலாம்". நல்ல மனசுதான், ஆனால் ஆபத்து. சக்கர நாற்காலியின் கைதாங்கியும் கால்மிதியும் பெரும்பாலும் கழற்றி மாட்டுபவை. அவசரத்தில் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துத் தூக்கினால் படிக்கட்டின் நடுவில் கையோடு வந்துவிடும். பிடிக்க வேண்டியது கழலாத சட்டத்தை. ஆளை மட்டும் தூக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பக்கவாதம் தாக்கிய பக்கத்துத் தோளில் தசை தளர்ந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ மூட்டு நழுவலாம். ஒரு நாள் உல்லாசத்துக்கு மாதக்கணக்கில் தோள்வலி. இன்னொன்றும் உண்டு. ஈரப் புடவையோடு இருக்கும் அத்தையை மருமகன்கள் நாலு பேர் தூக்கிப் போவதை ஊரே வேடிக்கை பார்த்தபின், அடுத்த ஞாயிறு அவர் "எனக்குத் தலைவலி, நீங்க போங்க" என்பார். அது தலைவலி இல்லை.

டர்பன் கடற்கரை நடைபாதை, உஷாகா கடல்பூங்காவிலிருந்து ப்ளூ லகூன் வரை, சமதளம். சக்கர நாற்காலிக்கும் கையால் சுற்றி ஓட்டும் சைக்கிளுக்கும் அருமையான இடம். அதை நம்பி மணலிலும் உருட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் நான்கு அடியில் மாட்டிக்கொள்வார்கள். முன்னாலுள்ள சின்னச் சக்கரங்கள் மணலில் புதைந்து, தள்ளத் தள்ள உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். கொஞ்ச தூரம்தான் என்றால் நாற்காலியைத் திருப்பி, லேசாகப் பின்னால் சாய்த்து, பின்பக்கமாக இழுங்கள். கடல் வரை போக, பலூன் போன்ற பருத்த டயர் வைத்த கடற்கரை நாற்காலி வேண்டும். நீலக்கொடி (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச அங்கீகாரம்) பெற்ற கடற்கரைகள் உள்ள ஒவ்வொரு மாநகராட்சியிலும் அவற்றில் ஒன்றிலாவது மாற்றுத்திறனாளிகளுக்கு வழியும் வசதியும் இருக்கவேண்டும் என்பது அந்தக் கொடியின் விதி. ஒன்றில் என்பதைக் கவனியுங்கள், எல்லாவற்றிலும் அல்ல. முதல் நாளே போன் போட்டு, நாற்காலி இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, பூட்டு போட்ட அறையின் சாவி யாரிடம் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டு பதிலால் பயனில்லை.

கால் இல்லாதவர் கடலில் இறங்கக் கூடாது என்று தடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. கேப்டவுன்காரர் நாட்டலி டு டோயிட் 2001இல் விபத்தில் இடது காலை இழந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் நீச்சலில், இரண்டு காலும் உள்ளவர்களோடு போட்டியிட்டு 16ஆவதாக வந்தார். தடுக்க வேண்டியது அத்தையை அல்ல, செயற்கைக் காலை. தண்ணீருக்கென்று செய்யாத காலில் உப்பும் மணலும் ஏறினால் மூட்டு துருப்பிடிக்கும், இறுகும். கழற்றித் துணியில் சுற்றிக் காரில் வையுங்கள். மிச்சமிருக்கும் காலையும் பாருங்கள். சர்க்கரையில் உணர்ச்சி மரத்த பாதத்துக்கு மத்தியான மணலின் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தண்ணீர் ஓரம் வரை செருப்பு இருக்கட்டும்.

க்ரூகர் வனவிலங்குப் பூங்கா எனக்குப் பிடித்ததற்குக் காரணமே வேறு. அங்கே குறிப்பிட்ட இடங்களைத் தவிர யாருமே வண்டியை விட்டு இறங்கக் கூடாது. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகவும் முடியாது. நடக்கிறவரும் நடக்காதவரும் ஒரே ஜன்னலில் ஒரே யானையைப் பார்க்கிறார்கள். அங்கே போய் உயரமான திறந்த வண்டியில்தான் போவேன் என்று அடம்பிடிப்பது வீண். அதன் படிகளில் ஏறவே ஒரு போராட்டம், சொந்தக் காரே போதும். ஸ்குகூசா, லோயர் சபி, சத்தாரா போன்ற முகாம்களில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற குடில்கள் உண்டு. சில குடில்கள்தான், விடுமுறைக் காலத்துக்கு மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். பதியும்போது "வசதி இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் எங்கேயும் சொல்வார்கள். குளியலறையில் நாற்காலியோடு நேரே உள்ளே போகலாமா, தொட்டியில் ஏறி இறங்கணுமா, கதவின் அகலம் எவ்வளவு, கட்டில் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். படம் அனுப்பச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

காட்டுக்குள் கழிப்பறைகள் தூரம் தூரமாக இருப்பதால், பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இது கெடுதல். காயத்துக்குக் கீழே வியர்க்காததால் உடல் சீக்கிரம் சூடேறும், சிறுநீர்த் தொற்றும் வரும். மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டால் ரத்த அழுத்தம் திடீரென எகிறலாம். அவர் தலை வெடிக்கிறது என்றால் சிங்கத்தை விட்டுவிட்டு முதலில் சிறுநீர்ப்பையைக் கவனியுங்கள். முகாமுக்கு முகாம் நேரம் கணக்கிட்டுத்தான் பாதையைப் போடவேண்டும். க்ரூகர் மலேரியாப் பகுதியும்கூட. வலிப்பு உள்ளவர்களுக்கு மெஃப்ளோக்வின் என்ற மலேரியாத் தடுப்பு மாத்திரை கூடாது, மாத்திரையை டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள்.

கேப்டவுன் போனால் டேபிள் மவுண்டனைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அந்த மலையுச்சிக்கு 1929இலிருந்து ஓடும் கம்பிவட வண்டியில் சக்கர நாற்காலியோடு ஏறலாம், ஆனால் காற்று வலுத்தால் நிறுத்திவிடுவார்கள். உள்ளே தரை சுழலும், பிரேக் போட்டுவையுங்கள்.

வசதி என்றாலே சக்கர நாற்காலி என்று நினைப்பதில் பார்வையில்லாதவர்களும் காது கேளாதவர்களும் விடுபட்டுப் போகிறார்கள். தென்னாப்பிரிக்கச் சைகைமொழி 2023இல் நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி ஆனது. அதனால் சைகை தெரிந்த வழிகாட்டி கிடைப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள். கேப்டவுனின் கிர்ஸ்டன்பாஷ் தாவரத் தோட்டத்தில் பிரெய்ல் பாதையும் மணத்தோட்டமும் இருக்கின்றன. அங்கே பார்வையில்லாத சித்தப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். அவர் உங்கள் முழங்கையைப் பிடித்து அரை அடி பின்னால் வரட்டும். படி வந்தால் வெறுமனே "படி" என்று கத்தாமல், ஏறணுமா இறங்கணுமா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.