மதுரை வீட்டு ஹால்: வெயில், காற்று, மழை, பனி என்று மாற்றுவது எப்படி?

ஹால் அலங்காரம் என்று நெட்டில் தேடினால் வசந்தகாலம், இலையுதிர்காலம் என்று படம் படமாகக் கொட்டும். கம்பளிப் போர்வை மடித்துப் போட்ட சோபா, பக்கத்தில் கணப்பு அடுப்பு. நம்ம ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மதுரைக்கு இருப்பது வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி மழை, மார்கழிப் பனி, அவ்வளவுதான். அதனால் படங்களை மூடிவிட்டு, ஒவ்வொரு பருவத்திலும் ஹாலில் உட்காரும்போது எது உங்களைப் படுத்துகிறது என்று மட்டும் கவனியுங்கள். சித்திரையில் சூடு, ஆடியில் தூசி, ஐப்பசியில் இருட்டும் ஓதமும். அந்தத் தொந்தரவைக் குறைக்கிற பொருள் எதுவோ அதுதான் அந்தப் பருவத்துக்கான அலங்காரம் என்பது என் கட்சி.

சோபா, டிவி ஸ்டாண்ட், பெயின்ட் எதையும் தொடப்போவதில்லை. மாற்றப்போவது துணி, தரைவிரிப்பு, பல்பு, பூவும் செடியும் மட்டும்.

முதலில் காலி செய்யுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபாவையும் டிவியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஹாலிலிருந்து எடுத்து வேறு அறையில் வையுங்கள். ஷோகேஸில் இருப்பதும் சேர்த்துத்தான். கல்யாண வீடுகளில் வாங்கி வந்த சின்னக் குங்குமச்சிமிழ்கள், தூசி ஏறிய பிளாஸ்டிக் ரோஜா, காலண்டரிலிருந்து வெட்டி ஃபிரேம் போட்ட சாமி படம், ஓடாத கடிகாரம் எல்லாம் வெளியே வரட்டும். தரையைத் துடைத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கை மட்டும் திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள். மீதி ஒரு பெட்டியில் போய்ப் பரணில் ஏறட்டும். அடுத்த பருவத்துக்கு அதிலிருந்து இறக்கினால் காசு செலவில்லாமல் புதுசு. பிள்ளை யூ.கே.ஜி.யில் வாங்கிய ஷீல்டை எடுக்கச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்த பருவம் வரும்போதும் இதையேதான் செய்ய வேண்டும். புதுப் பொருள் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகிற வீடுகளில் ஹால் மாறுவதே இல்லை, நெரிசல்தான் கூடுகிறது.

வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள்

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த கையோடு, ஏப்ரல் நடுவில், உச்சிப்பொழுதுச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். ஆவணியில் மறுபடி ஒருமுறை வரும். இடையில், ஆனியில், அது தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆக, கோடையில் தெற்கு ஜன்னலால் பெரிய தொல்லை இல்லை. மொட்டை மாடியும், காலையில் கிழக்குச் சுவரும், மூன்று மணிக்கு மேல் மேற்குச் சுவருமே சூட்டை உள்ளே கடத்துகின்றன. மார்கழியில் இது தலைகீழ். சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் சோபா வரை வந்து உட்காரும்.

இது தெரிந்தால் எல்லா ஜன்னலுக்கும் தடித்த ஸ்க்ரீன் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஹாலில் வெயில் விழும் இடத்தைச் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டு வையுங்கள். எந்த ஜன்னலுக்கு என்ன துணி என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

சுங்குடிச் சேலையில் ஸ்க்ரீன்

வீட்டில் பழைய சுங்குடிச் சேலை ஒன்றாவது கட்டாயம் இருக்கும். நாலைந்து வருடம் கட்டித் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், இனிச் சுருங்காது, சாயமும் போகிற வரை போயிருக்கும். ஸ்க்ரீனுக்கு இதைவிட நல்ல துணி கிடையாது. புதுச் சேலையை வெட்டுவதாக இருந்தால், கல்லுப்பு கரைத்த தண்ணீரில் தனியாக ஊறவைத்து, ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே கத்திரியை எடுக்க வேண்டும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அசல் சுங்குடி என்றால் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அச்சில் போட்டது வரிசை பிசகாமல் இருக்கும். வெட்டுவதற்கு அச்சுச் சேலையே போதும். அசலை வெட்டாதீர்கள், மனசு கேட்காது.

கணக்கு இதுதான். ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய 216 இன்ச் நீளம், 45 இன்ச் அகலம். இதை 70 இன்ச் நீளத்தில் மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். மேலே கம்பி நுழைய மடிப்பும் கீழே ஓரமும் போக, ஐந்தடி ஸ்க்ரீன் கிடைக்கும். நான்கடி அகல ஜன்னலுக்கு இரண்டு துண்டுகள் சேர்த்துப் போட்டால் 90 இன்ச் துணி வரும். ஜன்னல் அகலத்தைப்போல ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் கொசுவம் விழும், இல்லையென்றால் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டது போல் தட்டையாக இருக்கும். மூன்றாவது துண்டை 17 இன்ச் அகலத்தில் நான்கு பட்டைகளாகக் கிழியுங்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு 16 இன்ச் குஷனுக்குக் கவர் ஆகும். பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடுகிற மாதிரி மடித்துத் தைத்தால் ஜிப் வேண்டாம். ஒரு சேலையில் ஒரு ஜன்னலும் நான்கு குஷனும் முடிந்தது.

தையல் மிஷின் இல்லாதவர்கள் டவுனுக்குப் போங்கள். புதுமண்டபத்தில் இருந்த தையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, விலாசம் தெரியாமல் பழைய இடத்திலேயே சுற்ற வேண்டாம். "அண்ணே, கீழ் ஓரத்தை மூணு இன்ச் மடிச்சு அடிங்க, மேல கம்பி போற அளவுக்கு விடுங்க" என்று சொன்னால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். மேற்கு ஜன்னலுக்குப் போடுவதாக இருந்தால் பின்னால் வெள்ளைக் காடாத் துணி ஒன்று சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே கோடையில் சிவப்பு வெளிறிப்போகும்.

பங்குனி முதல் ஆனி வரை: வெயில்

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். ஸ்க்ரீன் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், கண்ணாடியைத் தாண்டிய சூடு ஹாலுக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஆகவே மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுங்கள். வெட்டிவேர்த் தட்டியில் மதியம் தண்ணீர் தெளித்தால் உள்ளே வருகிற காற்று குளிர்ந்து வரும். நம்ம ஊர்க் கோடை வறண்டது என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும், காற்று ஓடாத ஹாலில் புழுக்கம்தான் மிஞ்சும்.

வெல்வெட் குஷன், தடித்த கார்ப்பெட் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். ரெக்ஸின் சோபா என்றால் மேலே வெள்ளைப் பருத்தி பெட்ஷீட்டை இறுக்கிச் செருகிவிடுங்கள், முதுகு ஒட்டாது. தரையில் கோரைப்பாய் ஒன்று போதும், மற்ற இடம் வெறும் தரையாகவே கிடக்கட்டும். மூலையில் மானாமதுரை மண்பானை ஒன்றை ஈர மணல் மேல் வைத்துப் பாருங்கள். அந்த மூலைக்கு வேறு அலங்காரமே வேண்டாம், வருகிற ஆளெல்லாம் அங்கேதான் போய் நிற்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து ஹாலில் படுக்கும்போது இந்த வெறும் தரையின் அருமை தெரியும்.

மல்லி மலிவாகக் கிடைப்பதும் இப்போதுதான். பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு ஒரு கை மொட்டைப் போட்டால் சாயங்காலம் மலர்ந்து ஹால் முழுக்க மணக்கும். தண்ணீரைத் தினம் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

ஆடி, ஆவணி: காற்று

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது, மதுரைக்கு வருவது பெரும்பாலும் காற்றும் புழுதியும்தான். அதனால் இந்த இரண்டு மாதமும் ஹாலில் பொருள் குறைவாக இருந்தால் துடைப்பது மிச்சம். வெள்ளை பெட்ஷீட்டை எடுத்துவிட்டு மரக்கலர், செங்கல் கலர் என்று அழுக்குத் தாங்கும் உறையாகப் போடுங்கள். லேசான ஃபிரேம்கள், கண்ணாடி ஜாடிகள் ஜன்னல் ஓரத்தில் வேண்டாம். ஸ்க்ரீன் பறந்து டிவி மேல் விழாமல் இருக்கக் கீழ் மடிப்புக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பழைய நாணயத்தைப் போட்டுத் தைத்துவிடுங்கள். ஃபேன் இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை இறக்கை மேல் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். ஆடித் தள்ளுபடியில் குஷன் கவர் வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் இந்தக் காற்றுக் காலத்துக்கு என்று வாங்காமல் மழைக்கும் பனிக்கும் வேண்டிய கலரில் வாங்கி வையுங்கள்.

புரட்டாசியில் கொலு வைக்கிற வீடாக இருந்தால் ஹால் அந்தப் படிக்கட்டைச் சுற்றித்தான் மாறும். சோபாவை எதிர்ச் சுவருக்குத் தள்ளி, நடுவில் நாலு பேர் உட்கார்ந்து பாட இடம் விட்டால் சரி. பொம்மை வாங்க விளாச்சேரிக்கே போய்விடுங்கள், செய்கிற இடத்தில் பார்த்து எடுப்பது தனி சுகம்.

ஐப்பசி, கார்த்திகை: மழை

கொலுப் படியைப் பிரித்த கையோடு மழைக்கால மாற்றத்தை முடித்துவிட வேண்டும், தீபாவளி நெருங்கிவிடும். வெட்டிவேர்த் தட்டியையும் கோரைப்பாயையும் நன்றாகக் காயவைத்துப் பரணில் ஏற்றுங்கள், வெளியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சோபாவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், ஓதம் துணியில் ஏறாது.

இந்தப் பருவத்தில் காசு போட வேண்டியது வெளிச்சத்துக்கு. நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வரும்போது வெள்ளை டியூப் லைட் ஹாலை ஆஸ்பத்திரி வராந்தா ஆக்கிவிடும். பல்பு அட்டையைப் பாருங்கள்: 6500 கெல்வின் என்று இருந்தால் பளீர் வெள்ளை, 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள். சோபா பக்கத்துப் பாயிண்டில் ஒரு மஞ்சள் எல்.இ.டி. மாட்டி, அடர் சிவப்பு, மஞ்சள் சுங்குடிக் கவர்களை இப்போது இறக்குங்கள். பிள்ளைகள் படிக்கிற இடத்து வெள்ளை லைட்டை மட்டும் மாற்ற வேண்டாம். கார்த்திகைக்கு அகல் வைக்கும்போது ஸ்க்ரீனைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்.

வாசலில் இரண்டு மிதியடி: வெளியே தென்னை நார், உள்ளே பழைய பருத்தித் துணி. குடைக்கு ஒரு பழைய பித்தளை அண்டா. துணி காயப்போடும் ஸ்டாண்ட் எப்படியும் ஹாலுக்குள் வந்து ஃபேனுக்குக் கீழே நிற்கும், அதை எந்த அலங்காரத்தாலும் மறைக்க முடியாது. ஆள் வரும்போது படுக்கையறைக்குத் தள்ளிவிடுங்கள்.

மார்கழி முதல் மாசி வரை: பனி

இங்கே பனி என்றால் விடியற்காலை 20 டிகிரிக்குப் பக்கத்தில், தரை சில்லென்று இருக்கும், அவ்வளவே. ஒரு பவானி ஜமக்காளத்தைச் சோபாவுக்கு முன்னால் விரித்தால் ஹால் மொத்தமும் வேறாகத் தெரியும். பட்டை பட்டையாக அதிலேயே அத்தனை கலர் இருப்பதால் குஷன்களை ஒற்றைக் கலரில் வையுங்கள். தெற்கு ஜன்னல் ஸ்க்ரீனைக் காலையில் ஒதுக்கிவிட்டால் இளவெயில் ஜமக்காளத்தின் மேல் விழும். மதியம் மூடிவிடுங்கள், வெளுக்காது.

உருளியில் மல்லிக்குப் பதில் செவ்வந்தி போடுங்கள். பனிக்கு மல்லி வரத்துக் குறைந்துவிடும், தை முகூர்த்தத்தில் விலை கேட்டால் ஊர்க்காரருக்கே மயக்கம் வரும். செடிகளுக்கும் தண்ணீரைக் குறையுங்கள். மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை இரண்டும் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம்.

போகிக்குப் பரண் பெட்டிகளை இறக்கி, இரண்டு வருடமாகத் திறக்காததைக் கொடுத்துவிடுங்கள். திரும்ப ஏற்றுகிற துணி எதுவானாலும் முழு வெயிலில் காய்ந்து, சூடு ஆறிய பிறகு, காய்ந்த வேப்பிலையோ வசம்போ ஒரு துணியில் முடிந்து போட்டு மடிக்க வேண்டும். பெட்டியின் மேல் "வெயில்", "மழை" என்று மார்க்கரால் எழுதுங்கள். பங்குனி வெயில் ஏறியதும் ஜமக்காளத்தை மாடியில் துவைத்துக் காயப்போடலாம்; நனைந்துவிட்டால் அதை ஒரு ஆளால் தூக்க முடியாது, பிழிய இன்னொருவர் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.